வைத்திக்குப்பத்தில் ஓர் ஆட்டோ கணக்கு

‘பாண்டிச்சேரி போய்விட்டு வந்தேன்’ என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். மேனேஜரிலிருந்து பியூன் வரைக்கும் ஒரே கேள்விதான் வரும்: “என்ன வாங்கிட்டு வந்தே?” கூடவே ஒரு கண்ணடிப்பு. நான் இந்தத் தடவை வாங்கி வந்தது ஒரு சந்தேகம். பைக்குள் வைத்துக்கொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டினேன். ஒருவரும் தடுக்கவில்லை.

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். அவனுடைய முதலாளி வாராவாரம் பத்திரிகை படிக்கிற ஆசாமி. சொந்த ஊர் வைத்திக்குப்பம். மீனவர் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் டெபிட், கிரெடிட் என்றால் என்னவென்று தெரிந்த முதல் ஆள். இப்போது மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் அக்கவுண்டன்ட். மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி ரயில், பாக்குத் தோப்பு என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இது பாண்டியை ஒட்டியிருக்கிற மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டை, லாரி, தூசு.

“ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வாடா, மீன் குழம்பு சாப்பிடலாம்” என்றான். நானோ ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். எனக்கு எல்லா நாளும் லீவுதான். கிளம்பிவிட்டேன்.

வைத்திக்குப்பத்துக்கு வழி ரொம்பச் சுலபம். பீச் ரோட்டில் காந்தி சிலைக்கு முதுகைக் காட்டாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடந்துகொண்டே இருக்க வேண்டியது. பிரெஞ்சுக்காரன் கட்டிய மஞ்சள் சுவர்கள் முடியும். ஐஸ்கிரீம் வண்டிகள் முடியும். பழைய சாராய ஆலை இருந்த இடம் தாண்டினால் குருசுக்குப்பம். அதையும் தாண்டினால் வைத்திக்குப்பம். செல்ஃபி எடுக்கிற கூட்டம் சாதாரணமாக இவ்வளவு தூரம் வருவதில்லை. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வரும். மாசி மகம்! அன்றைக்கு மயிலம் முருகன் உள்பட சுற்று வட்டாரத்து சாமிகளெல்லாம் பல்லக்கிலும் வண்டியிலும் ஏறி, தீர்த்தவாரிக்கு இந்த வைத்திக்குப்பம் கடற்கரைக்குத்தான் வருவார்கள். சாமிகள் தரிசனம் தருகிற இடம்தான். மற்ற 364 நாளும் மனிதர்களுக்கு இங்கே தரிசனம் தருவது கருங்கல்.

ஆமாம், கருங்கல். மணல் இருக்க வேண்டிய இடத்தில் நீளத்துக்குப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு அம்பாசடர் காரின் பானட் சைஸ். அதன் மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நண்பனின் அப்பா. மகன் ஃபேக்டரிக்குப் போயிருந்ததால் என்னை வரவேற்கிற பொறுப்பு அவருக்கு.

“வா தம்பி. பஸ்ல கூட்டமா? அந்தக் கல்லு ஆடும், இந்தாண்ட உக்காரு.”

உட்கார்ந்தேன். மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, “பீச் நல்லா இருக்குங்கய்யா” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எங்க இருக்கு?”

எனக்கு அசடு வழிந்தது. அவரே தொடர்ந்தார். “அதோ, அலை ஒடையுது பாரு... அதுக்கும் அந்தாண்ட இருந்திச்சு கரை. அங்கதான் வலை காயப் போடுவோம். பசங்க பந்து வெளாடுவானுங்க. கட்டுமரத்த வாசல்லேருந்து தள்ளுனா நேரா கடலு. இப்ப எறங்கறதுக்கு எடம் ஏது?”

“அப்ப போட்டை எங்க நிறுத்துறீங்க?”

“தேங்காத்திட்டு ஆர்பர்ல.”

“அது ஊருக்கு அந்தக் கோடியாச்சே! எப்படிப் போவீங்க?”

“ஆட்டோவுல.”

கடலுக்கு எதிர்த்தாற்போல வீடு. கடலுக்குப் போக ஆட்டோ. திருவல்லிக்கேணியில் குடியிருந்துகொண்டு பார்த்தசாரதியைச் சேவிக்க பஸ் பிடிக்கிற மாதிரி! நான் சிரித்துவிட்டேன். பெரியவர் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார்.

“நீயும் என் மவன் படிச்ச படிப்புதான? அவனுக்கு இதப் பாக்க நேரமில்ல. கூட்டிச் சொல்லு.”

கோணல்மாணலான எழுத்து. டீசல், ஐஸ், டீ, வலை நூல், ஆட்டோ. மறுநாள் டீசல், ஐஸ், டீ, ஆட்டோ. அடுத்த நாளும் ஆட்டோ. நாலு பேர் பங்கு போட்டும் ஒரு ஆளுக்கு வருகிற தொகை மாதக் கடைசியில் வீட்டு கரன்ட் பில்லைவிடக் கொஞ்சம் அதிகம். கூட்டிச் சொன்னேன். “சரியாத்தான் இருக்கு” என்று வாங்கி மடித்துக்கொண்டார்.

எனக்குத்தான் சரியாக இல்லை. டீசல் என்றால் தொழில் செலவு. ஐஸ் என்றால் தொழில் செலவு. இந்த ஆட்டோவை எந்த ஹெட்டில் எழுதுவது? கல்லூரியில் எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

இந்த ஆட்டோ எப்படி வந்தது என்று பார்க்க 1986-க்குப் போக வேண்டும். அந்த வருஷம்தான் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருகிற வாயில், துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1989-ல் முடிந்தது. சரக்குக் கப்பல் வரும், தொழில் பெருகும், மீன்பிடிப் படகுகளுக்கும் பாதுகாப்பு என்று நல்ல நோக்கங்கள்தான். ஆனால் நம் கிழக்குக் கடற்கரைக்கு ஒரு குணம் உண்டு. வருஷத்தின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வாடைக்காற்று மாதங்களில் மட்டும் எதிர்த் திசை. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம், அதுவும் வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். ஓர் ஊரில் மணற்கரை இருக்கிறது என்றால் அந்த மணல் அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. வடக்கே போகிற அளவுக்குத் தெற்கிலிருந்து வந்துகொண்டும் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பேங்க் பாலன்ஸ் மாதிரி. செலவு பாட்டுக்குப் போகும். ஒண்ணாம் தேதி சம்பளம் வரும். பாஸ் புத்தகம் பார்க்க லட்சணமாக இருக்கும்.

தெற்கே சுவர் வைத்ததும் சம்பளம் நின்றுவிட்டது. செலவு நிற்கவில்லை.

தெற்குப் பக்கம் மணல் குவிந்தது. வடக்குப் பக்கம் பாண்டியின் கடற்கரை, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று வரிசையாகக் கரைந்தது. இது தெரியாமல் கட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தெற்கே சேருகிற மணலை எடுத்து வடக்கே கொட்டுகிற ஏற்பாடும் திட்டத்திலேயே இருந்தது. சுவரைக் கட்டினார்கள், மணல் தள்ளுகிற வேலை முறையாகத் தொடர்ந்து நடக்கவில்லை. பி.காம். பாஷையில் சொன்னால் மூலதனச் செலவைச் செய்தார்கள், வருஷா வருஷம் வருகிற வருவாய்ச் செலவை மறந்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு ரிப்பன் உண்டு. மணல் அள்ளுவதற்கு எந்த மந்திரி ரிப்பன் வெட்டுவார்?

பிறகு கரையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றால் அதற்கு வடக்கே ஆரம்பிக்கும். அங்கே கொட்டினால் அதற்கும் வடக்கே. இப்படியே போய் எல்லை தாண்டி தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரைக்கும் வீடுகளைக் கடல் கேட்க ஆரம்பித்தது. அதெல்லாம் தமிழ்நாடு. ஆக, பாண்டி போட்ட சுவரின் பில் தமிழ்நாடு பட்ஜெட்டிலும் போய் உட்கார்ந்தது. தலைமைச் செயலகம் எதிரே மட்டும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-ல் கடலுக்கடியில் இரும்பில் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது. அங்கே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. நல்ல காரியம்தான். அதற்கும் பொதுப்பணம்தான்.

“ஆர்பரே வேணாங்கறீங்களா?” என்று பெரியவரைக் கேட்டேன்.

“அத எப்டி வேணாம்பேன்? என் போட்டே அங்கதான கெடக்குது! அந்தாண்ட சேர்ற மணல இந்தாண்ட தள்ளி வுடுங்கன்னுதான் கேக்கறோம்” என்றார். இதைவிடத் தெளிவான மனுவை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் நண்பன் வந்தான். மீன் குழம்பு பற்றித் தனிக் கட்டுரை எழுத வேண்டும். ஆசிரியர் இடம் தர மாட்டார். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் காலாற பாரதி பூங்கா பக்கம் நடந்தோம். பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம்.

இதன் கதை தெரியுமோ? ஆயி என்று ஒரு தாசி. அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்து ராஜா கும்பிட்டுவிட்டாராம். யார் வீடு என்று தெரிந்ததும் அவமானம் தாங்காமல் இடிக்கச் சொன்னாராம். அவளே இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஜனங்களுக்காகக் குளம் வெட்டினாளாம். பல நூறு வருஷம் கழித்து மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரப்பாளையத்திலிருந்து அந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்தபோது, அவள் ஞாபகமாக இந்த மண்டபத்தைக் கட்டினார்கள். கதை எவ்வளவு நிஜம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மண்டபம்தான் புதுச்சேரி அரசாங்கத்தின் சின்னம். சிங்கம், புலி என்று வைத்துக்கொள்கிற அரசாங்கங்களுக்கு நடுவே, குடிதண்ணீருக்குக் காசு கொடுத்தவர் யார் என்று சொல்கிற சின்னத்தை வைத்திருக்கிற அரசாங்கம் வேறு எங்காவது உண்டா, எனக்குத் தெரியாது.

அந்த மூடில் நான் நண்பனிடம் ஆட்டோ கணக்கை எடுத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான்.

“நீங்க எழுதறவங்கள்லாம் இப்படித்தான்டா. தொழிற்சாலைன்னா வில்லன். எங்க கம்பெனி ஒரு யூனிட்டுக்கு என்ன கட்டுது தெரியுமா? எங்கப்பா கட்டறதைவிட எவ்வளவோ அதிகம். அது போக கே.வி.ஏ.வுக்கு இவ்வளவுன்னு டிமாண்ட் சார்ஜ் தனி. எங்க காசுலதான் எங்க வீட்டு ஃபேனே ஓடுது!”

அவன் சொன்னதில் பொய் இல்லை. நம் நாட்டில் பொதுவாகவே, கொஞ்சமாகக் கரன்ட் செலவழிக்கிற வீட்டுக்கு யூனிட் விலை அடக்கத்துக்கும் கீழே. பெரிய தொழிற்சாலைக்கு மேலே. அந்த மேல் பணம் இந்தக் கீழ்ப் பள்ளத்தை நிரப்புகிறது. பாண்டியில் காரைக்காலில் இருக்கிற 32.5 மெகாவாட் எரிவாயு நிலையத்தைத் தவிர சொந்தமாகச் சொல்லிக்கொள்ளும்படி மின் உற்பத்தி கிடையாது. நெய்வேலி, கல்பாக்கம், ராமகுண்டம் என்று ஊர் ஊராக வாங்கித்தான் வைத்திக்குப்பத்து பல்பு எரிகிறது. அப்படி வாங்கியும் ஒரு காலத்தில் ‘கரன்ட் மலிவு, விற்பனை வரிச் சலுகை’ என்றே பல கம்பெனிகள் இந்தப் பக்கம் வந்தன. அதனால் வேலை வந்தது. என் நண்பனுக்கும் வந்தது. மீன்பிடிக்கிற வீட்டுப் பையன் ஏ.சி. ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அதை நான் குறை சொன்னால் எனக்கு மீன் குழம்பு செரிக்காது.

“சரிடா, யூனிட் விலையை ஒத்துக்கறேன்” என்றேன். “மீட்டருக்கு இந்தப் பக்கம் ஓடறதுக்கு நீங்க காசு கட்டறீங்க. மீட்டருக்கு அந்தப் பக்கம்?”

“புரியலை.”

அவனுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் கதையைச் சொன்னேன். நான் அங்கே மூன்று வருஷம் குப்பை கொட்டியவன். பன்னிரண்டு ரூம். ரூமுக்கு ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட். ஒரு நாள் பதின்மூன்றாவதாக ஒரு மகானுபாவர் மொட்டை மாடி ரூமுக்கு வந்தார். ஏ.சி. வேண்டும் என்றார். யூனிட்டுக்கு எல்லோரையும்விட அதிகம் தருகிறேன் என்றார். ஓனருக்கு வாயெல்லாம் பல். ஆனால் தெருக் கம்பத்திலிருந்து வருகிற ஒயர் தாங்காது. கனமான கேபிள் இழுத்தார், மெயின் போர்டை மாற்றினார், தண்ணீர் மேலே ஏற ஒரு மோட்டாரும் போட்டார். அந்தச் செலவைப் பன்னிரண்டு ரூமின் வாடகையிலும் பரப்பிவிட்டார். மகானுபாவர் பாவம், யூனிட் காசைச் சொன்னபடி கொடுத்தார். ஆறாவது மாதம் அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ‘வரட்டுமா பிரதர்?’ என்று கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார். கேபிள் இருந்தது. மோட்டார் இருந்தது. ஏறிய வாடகையும் இருந்தது.

நண்பன் சிரித்தான். “நீ எவ்வளவு ஏறுதுன்னு கேட்டியா?”

“கேட்கலை. அதுதான் விஷயம். எங்களில் ஒருத்தனும் கேட்கலை.”

மின்துறையிலும் ஏறக்குறைய இதே முறைதான். பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதன் வாசலுக்கு வருகிற லைனுக்கு அது பணம் கட்டும். அதற்குப் பின்னால் இருக்கிற துணை மின் நிலையம், உயர் அழுத்தக் கம்பிகள், கூடுதலாக வாங்கிய மின்சாரத்துக்கான ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்து மின்துறையின் வருஷச் செலவுக் கணக்கில் போகும். அந்தக் கணக்கைத்தான் எல்லா நுகர்வோர் மேலும் பிரிப்பார்கள். கம்பெனி பல வருஷம் நின்று நிறையக் கரன்ட் இழுத்தால் எல்லோருக்கும் லாபம். கம்பியின் செலவு நிறைய யூனிட்டில் பரவும். வராமலே போனாலோ, பாதியில் போனாலோ, மிச்சம் இருக்கிறவர்கள் தலையில். தண்ணீர்க் குழாய்க்கும் ரோட்டுக்கும் இதே கதிதான்.

வராமலே போனதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. 2019-ல் ஒரு தடவை இதே நண்பனின் பைக் பின்னால் உட்கார்ந்து சேதராப்பட்டு பக்கம் போயிருக்கிறேன். அங்கேயும் பக்கத்து கரசூரிலுமாகச் சுமார் 750 ஏக்கரை, சிறப்புப் பொருளாதார மண்டலம் வருகிறது என்று 2007 வாக்கில் எடுத்தார்கள். விவசாயம் நடந்த பூமி. மண்டலம் வரவில்லை. நிலம் மட்டும் பதினைந்து வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தது. நான் போன அன்றைக்கு அங்கே பார்த்த ஒரே முதலீட்டாளர்கள் ஆடுகள்தான். கொடுத்தவர்களுக்கு நிலமும் போய், வருவதாகச் சொன்ன வேலையும் வரவில்லை. நஷ்டத்தை எந்த லெட்ஜரிலும் ஏற்றவில்லை, ஏனென்றால் அது ‘எதிர்கால வளர்ச்சி’.

பாதியில் போனதற்கு ஸ்ரீபெரும்புதூர். நோக்கியா 2006-ல் அங்கே செல்போன் செய்ய ஆரம்பித்தது. சிப்காட் நிலம், வரியைத் திருப்பித் தருகிற ஒப்பந்தம், தடையில்லாத மின்சாரம் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். ஆயிரக்கணக்கான இளைஞர்கள், முக்கியமாகப் பெண்கள், யூனிஃபார்ம் போட்டுக் கம்பெனி பஸ்ஸில் போனார்கள். 2014 நவம்பரில் கதவை மூடினார்கள். பின்னால் வேறு கம்பெனி அங்கே வந்தது என்பது நம் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை பாலன்ஸ் ஷீட்டில் காட்டுகிற வழக்கமில்லை.

“எல்லாத்தையும் குத்தம் சொல்றே. எங்கேயாவது ஒழுங்கா நடந்திருக்கா, அதைச் சொல்லு” என்றான் நண்பன். நியாயமான கேள்வி. திருப்பூரைச் சொன்னேன்.

திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் வேண்டும். சுற்றுப்பட்டுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து டேங்கர் டேங்கராக வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் காவிரியிலிருந்து 55 கிலோமீட்டர் குழாய் போட்டு, நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர ஒரு திட்டம். சுமார் 1,000 கோடி ரூபாய். 2005-06 வாக்கில் தண்ணீர் வந்தது. இதில் என்ன விசேஷம் என்றால், ஆயிரம் லிட்டருக்குத் தொழிற்சாலைக்கு 45 ரூபாய், ஊர் ஜனங்களுக்கு 5 ரூபாய் என்று விலை வைத்தார்கள். குழாயின் பாரம் யாருக்காகக் குழாய் போட்டார்களோ அவர்கள் தோளில். கூடவே ஊருக்கும் தண்ணீர். கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறதா?

ஆனால் சாயம் போன தண்ணீர் எங்கே போகும் என்பதை அந்தக் கணக்கு கேட்கவில்லை. அது நொய்யலில் போயிற்று. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. கீழே இருந்த விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 45 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்க ஆள் இல்லை. குழாய் போட்ட கம்பெனி கடனைக் கட்டத் திணறியது. ஒரு பக்கச் செலவை ஒழுங்காக எழுதிவிட்டு மறு பக்கச் செலவை மறந்தால் ட்ரயல் பாலன்ஸ் டாலி ஆகாது என்று எங்கள் வாத்தியார் அப்போதே சொன்னார்.

இதைவிடத் தேவலை என்று எனக்குத் தோன்றுவது சென்னையில் நடப்பது. 2019-லிருந்து கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு நிலையம் ஓடுகிறது. மணலி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் அந்தத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகின்றன. ஊர் குளித்த தண்ணீரில் கார் தயாராகிறது. குடிக்கிற தண்ணீர் குடிக்க மிச்சமாகிறது.

நண்பன் விடவில்லை. “இதெல்லாம் நம்ம ஊர் லட்சணம். அமெரிக்காவில இப்படி ஏமாறுவானா?”

ஏமாந்தான் ஸார்! விஸ்கான்சின் மாநிலத்தில் மவுன்ட் பிளசன்ட் என்று ஒரு கிராமம். 2017-ல் ஃபாக்ஸ்கான் கம்பெனி (நம்ம சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறதே, அதேதான்) அங்கே ஆயிரம் கோடி டாலரில் தொழிற்சாலை, 13,000 பேருக்கு வேலை என்றது. வெள்ளை மாளிகையிலேயே அறிவிப்பு. கிராமம் கடன் வாங்கி நிலம் வாங்கியது, வீடுகளைக் காலி பண்ணியது, ரோடும் குழாயும் போட்டது. மிச்சிகன் ஏரியிலிருந்து தினம் 70 லட்சம் காலன் தண்ணீர் எடுக்க அனுமதி. துணை மின் நிலையத்துக்கும் லைனுக்கும் 10 கோடி டாலருக்கு மேல். அதை அந்தப் பகுதி மின் நுகர்வோர் பில்களில் பரப்பினார்கள். (மேன்ஷன் ஓனர் அங்கேயும் இருக்கிறார்!) 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள். 13,000 வேலை 1,454 ஆகியிருந்தது. அப்புறம் மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டருக்காக அங்கே நிலம் வாங்கியதால் கிராமம் மூச்சு விட்டது.

சூடு பட்ட பூனைகள் இப்போது உஷார். ஒஹையோ மாநிலத்தில் 2025 ஜூலையில் மின் ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. புதிதாக வருகிற பெரிய டேட்டா சென்டர் தனக்கு இவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்டுவிட்டால், உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் 85 சதவிகிதத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும். 12 வருஷம் வரைக்கும். பெங்களூரில் வேலை கிடைத்தாலும் மேன்ஷன் வாடகையை முழுசாகக் கொடுத்துவிட்டுப் போ என்கிற மாதிரி.

“இதெல்லாம் இங்க யார்கிட்ட போய்க் கேக்கறது?” என்றான். குரலில் முன்பிருந்த காரம் இல்லை.

கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பாண்டிக்கு மின் கட்டணம் நிர்ணயிப்பது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். புதுக் கட்டணம் வருவதற்கு முன்னால் மின்துறை தன் கணக்கைத் தாக்கல் செய்யும். பேப்பரில் விளம்பரம் வரும். பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்று கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், மைக் பிடித்துப் பேசலாம். தொழிற்சாலைகளின் சங்கங்கள் வக்கீலும் புள்ளிவிவரமுமாகப் போய் உட்காரும். அது அவர்கள் உரிமை, தப்பே இல்லை. ‘இந்தத் துணை மின் நிலையம் யாருக்காக? அவர் எத்தனை வருஷம் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்? பாதியில் போனால் மிச்சக் கடன் யார் கட்டுவது?’ என்று மூன்று கேள்வியை வைத்திக்குப்பத்திலிருந்தும் ஓர் ஆள் போய்க் கேட்கலாம். பி.காம். படித்த ஆளாக இருந்தால் இன்னும் விசேஷம்.

“என்னைப் பார்க்காதே” என்றான் நண்பன். “எங்க எம்.டி. முன் வரிசையில உக்காந்திருப்பார்.”

பேசாமல் வீடு திரும்பினோம். கல் மேல் அலை மோதுகிற சத்தம் ராத்திரி முழுக்க யாரோ கதவைத் தட்டுகிற மாதிரியே இருந்தது. தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது பக்கத்துப் பாயிலிருந்து நண்பன் கேட்டான்: “அந்த அறிவிப்பு எந்த மாசம்டா பேப்பர்ல வரும்?” வழக்கமாக வருஷ ஆரம்பத்தை ஒட்டி என்றேன். “ம்” என்றான். அப்புறம் குறட்டைதான்.

விடியற்காலை மூன்று மணிக்கு வாசலில் ஆட்டோ ஹாரன். பெரியவர் டிபன் கேரியரும் கையுமாகத் தயாராக இருந்தார். நானும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியவன்.

“பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் போவுது, ஏறு தம்பி” என்றார். உள்ளே ஏற்கெனவே மூன்று பேர். வலை மூட்டை மடியில். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. கடற்கரைக்குப் போகிற ஆட்டோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி இருபது ரூபாயை நீட்டினேன். வேண்டாம் என்று மறுப்பார் என எதிர்பார்த்தேன். வாங்கிக்கொண்டார். தெருவிளக்கு வெளிச்சத்தில் நோட்டைப் பிரித்து, காதிலிருந்த பென்சிலை எடுத்து, ‘ஆட்டோ’ என்பதற்கு எதிரே எழுதி, இருபதைக் கழித்தார்.

“சரியாப் போட்டிருக்கேனா பாரு” என்றார்.

பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருந்தார்.